லொடக் என்று ஒரு கல்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டுப் புறவாசலிலிருந்து கிணற்றடி வரைக்கும் முப்பது அடி நீளத்துக்கு ஒரு கல்பாதை கிடக்கிறது. இரண்டடிக்கு இரண்டடி சதுரக் கல், பக்கத்துக்குப் பக்கம் இரண்டு வரிசை. 1978-இல் அப்பா பாவியது. ராத்திரி கரண்ட் இல்லாத நேரத்தில் யார் அதில் நடந்து போனாலும், எந்த இடத்தில் போகிறார்கள் என்று அடுப்படியில் இருந்தே அம்மா சொல்லிவிடுவாள். ஏழாவது கல் லொடக் என்று ஆடும். பதினோராவது கல்லை மிதித்தால் சந்து வழியாகச் சேறு சளக் என்று பீச்சும். பல வருஷம் அதை நாங்கள் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. வீட்டில் ஒரு ஆள் மாதிரி அந்தச் சத்தமும் இருந்தது.

2023 டிசம்பர் 17, 18 மழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் பெய்த அந்த மழையை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. பாளையங்கோட்டை மேடு என்பதால் எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை. ஆனால் இரண்டு நாள் தோட்டத்தில் தேங்கி நின்ற தண்ணீர் வடிந்தபோது, கல்லுக்கு அடியில் இருந்ததையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஒரு கல் இறங்கியது, பக்கத்துக் கல் அப்படியே நின்றது. இரண்டுக்கும் முக்கால் அங்குலம் வித்தியாசம். கேட்டால் கொஞ்சம்தான் என்று தோன்றும். கால் கட்டைவிரல் நகம் பெயர அது தாராளம். எண்பத்திரண்டு வயது அம்மா, துவைத்த துணி வாளியோடு வந்தவள், அதில் தட்டி விழுந்தாள். நகத்தோடு போயிற்று, இடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் பாலிடெக்னிக்கில் முப்பத்தோரு வருஷம் கட்டடப் பாடம் நடத்தியவன். இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் அடுத்து நான் செய்த காரியம் அப்படி. அரை மூட்டை சிமெண்ட் வாங்கி, மணலோடு குழைத்து, இறங்கிய கல்லின் மேலேயே பூசி மட்டம் பண்ணிவிட்டேன். ஒரு பக்கம் முக்கால் அங்குலக் கனம், மறு பக்கம் வர வர மெலிந்து தோசை ஓரம் மாதிரி. அன்றைக்குப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த ஐப்பசி மழையில் முதலில் அந்தத் தோசை ஓரம் பெயர்ந்தது, பிறகு முழுதும் பாளம் பாளமாக வந்தது. மெல்லிய பூச்சு, அதில் இருக்கும் ஈரம் இறுகுவதற்கு முன்னாலேயே வெயிலில் காய்ந்துவிடும். அடியில் கல்லோ ஆடிக்கொண்டே இருக்கிறது. ஆடுகிற கல்லின் மேல் எது நிற்கும்? வகுப்பில் இதைப் பையன்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

அதன் பிறகுதான் சுத்தமல்லிப் பக்கத்திலிருந்து ஒரு கொத்தனார் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். எழுபதை ஒட்டிய வயது. ரசமட்டத்தை எடுப்பார் என்று பார்த்தேன். அவர் கேட்டது ஒரு குடம் தண்ணீர். பாதையின் தலைப்பில் நின்று மெதுவாக ஊற்றினார். ஊற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். தண்ணீர் குழாயடியில் ஒரு இடத்தில் குட்டையாக நின்றது. வேப்பமரத்துப் பக்கம் போகாமல் திரும்பி வந்தது. மதில் ஓரம் போன தண்ணீர் நிற்கவும் இல்லை, ஓடவும் இல்லை. சந்தில் இறங்கிக் காணாமல் போனது.

“சார், கல்லு மேல ஒரு குத்தமும் இல்ல. மூணு இடத்துல மூணு சீக்கு. தூக்கிப் பார்த்துருவோம்” என்றார்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது முழுக்க இந்தத் தூக்கிப் பார்ப்பதைப் பற்றித்தான்.

இரண்டு அங்குலக் கனமுள்ள இரண்டடிச் சதுரக் கருங்கல் ஏறக்குறைய ஐம்பது கிலோ. ஒரு மூட்டை சிமெண்ட் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மூட்டையைப் போல் கட்டிப் பிடிக்க முடியாது. முதலில் ஒவ்வொரு கல்லுக்கும் சாக்பீஸால் எண் போட்டு, எந்தப் பக்கம் கிணற்றைப் பார்த்திருந்தது என்று ஒரு அம்புக்குறியும் போட்டுவிட வேண்டும். கையால் உடைத்த பழைய கல்லில் ஒன்றுபோல் இன்னொன்று கனம் இருக்காது, இடம் மாற்றினால் பிறகு பொருந்தாது. சந்தில் இருக்கும் மண்ணையும் புல்லையும் பழைய ரம்ப பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, கடப்பாரையை நுழைக்க வேண்டும். நேரடியாகப் பக்கத்துக் கல்லில் ஊன்றி நெம்பினால் அதன் விளிம்பு உடையும். நடுவில் ஒரு மரக்கட்டை வைத்து அதன் மேல் நெம்புங்கள்.

எந்தப் பக்கத்தைத் தூக்குவது? நம்மில் பெரும்பாலோர் கிட்டே இருக்கும் விளிம்பைத்தான் தூக்குவோம். அண்ணாச்சி எதிர்ப்பக்கத்து விளிம்பைத் தூக்கித் தன் பக்கமாகச் சாய்த்தார். அப்படிச் செய்தால் கல்லே நமக்கு முன்னால் ஒரு பலகை மாதிரி நிற்கும். அடியில் இருப்பது எதிர்ப்பக்கமாக ஓடிவிடும். எங்கள் நான்காவது கல்லுக்கு அடியிலிருந்து கரும்பச்சை நிறத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரு நண்டுவாக்காலி கொடுக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது. எதிர்ப்பக்கமாக. பூரான்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மதில் ஓரத்துக் கல்லைத் தூக்கினால், கீழே மண்ணே இல்லை. கை நுழையும் அகலத்துக்குப் பெருச்சாளி வளை. மேலே கல் கூரை, மழை படாது, வெயில் படாது, அதற்கு இதைவிட நல்ல வீடு எங்கே கிடைக்கும்? வாயை மட்டும் அடைத்தால் பக்கத்தில் இன்னொரு வாய் திறந்துகொள்ளும். வளை போகும் வழியையே தோண்டிக்கொண்டு போய், உடைந்த பாட்டில் சில்லும் சரளும் போட்டு, சிமெண்ட் கலந்து இடித்தோம். குழாயடியில் காரணம் வேறு. குழாயின் முழங்கை மூட்டில் சொட்டுச் சொட்டாக ஒழுக்கு. அந்தச் சொட்டுதான் வருஷக்கணக்கில் அடிமணலைக் கரைத்துக் கொண்டுபோயிருக்கிறது. குழாயைச் சரி பண்ணாமல் கல்லைச் சரி பண்ணியிருந்தால் அடுத்த வருஷமும் அண்ணாச்சிக்கு வேலை இருந்திருக்கும்.

இனி அடிப்படுகை. இளகின மண்ணை எல்லாம் வாரி எடுத்துவிட்டு, நான்கு அங்குலத்துக்குச் சரள் போட்டு, தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடி இறுகாது, இரண்டு தடவையாகப் போட்டு இடியுங்கள். அதன் மேல் ஒன்றரை அங்குலம் எம் சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்த மணல், அல்லது கிரஷர் பொடி. ஆற்று மணல்தான் உசத்தி என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். தாமிரபரணி மணல் பூச்சுக்கு நல்லது, ஆனால் உருண்டு தேய்ந்த மணி. கல்லுக்கு அடியில் அது நழுவும். உடைத்த மணல் கூர்மையாக ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஆற்றையும் விட்டுவைத்த மாதிரி ஆயிற்று.

தண்ணீர் புழங்கும் குழாயடிக்கு மட்டும் ஒன்றுக்கு எட்டு என்று சிமெண்ட் கலந்தோம். பதம் என்ன என்று கேட்டேன். “புட்டு மாவுப் பதம் சார்” என்றார். பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். முப்பத்தோரு வருஷத்தில் நான் இத்தனை சுருக்கமாக இதைச் சொன்னதில்லை.

அவசரக்காரக் கொத்தனார்கள் மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று என்று ஐந்து இடத்தில் கலவை உருண்டை வைத்து, அதன் மேல் கல்லை வைத்து அமுக்கிவிடுவார்கள். வேலை சீக்கிரம் முடியும். உருண்டைகளுக்கு நடுவே வெற்றிடம் இருக்கும், கனமான சாமான் ஒன்று விழுந்தால் கல் அங்கேதான் கீறும். படுகை முழுக்க மணல் தொட்டிருக்க வேண்டும். கல்லைக் கால் அங்குலம் தூக்கலாக வைத்து, மேலே பலகை போட்டு, ரப்பர் சுத்தியலால் தட்டி இறக்குங்கள். தட்டும்போது காதைக் கொடுங்கள். நிறைந்த கல் ‘திம்’ என்று அடங்கிய சத்தம் தரும். பொள்ளல் இருந்தால் ‘டொக்’ என்று காட்டிக்கொடுத்துவிடும். தட்டினால் பாடுகிற கல் நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்தில் இருக்கிறது, தோட்டத்துக் கல் பாட வேண்டாம்.

நூல் கட்டும்போது வாட்டம் வைத்துக் கட்ட வேண்டும். நாலடி அகலப் பாதைக்கு ஒரு பக்கம் முக்கால் அங்குலம் தாழ்வு போதும். நடக்கிறவனுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். எங்கள் பாதை வாழைப் பாத்தியைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது.

இதெல்லாம் எங்கள் செம்மண்ணுக்கு. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கும் கரிசல் மண்காரர்களுக்கு நான்கு அங்குலம் போதாது. 1986-இல் நெல்லையிலிருந்து தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தது, கரிசல் அதற்கெல்லாம் கட்டுப்படாமல் இந்தப் பக்கமும் திட்டுத் திட்டாகக் கிடக்கிறது, அவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். கரிசல் நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன் மேல் எவ்வளவு கெட்டியாகப் பாவினாலும் மண் கல்லைத் தூக்கிவிடும். ஒரு அடி ஆழத்துக்குக் கரிசலை வெட்டி எடுத்துவிட்டுச் சரளை நிரப்புங்கள். அதைவிட முக்கியம், வேலை பார்க்கும் மாதம். சித்திரை வைகாசியில் ஆள் சும்மா கிடைக்கிறார் என்று அப்போது பாவினால், சுருங்கிக் கிடக்கும் மண்ணின் மேல் பாவுகிறீர்கள். ஐப்பசியில் அது ஊதி எழும்பும். மழை ஓய்ந்து, மண் ரொம்ப நனைந்தும் இல்லாமல் ரொம்பக் காய்ந்தும் இல்லாமல் இருக்கும் தை, மாசிதான் சரி. திசையன்விளை, உடன்குடிப் பக்கத்துத் தேரி மண்ணில் கவலை வேறு. மணல் பக்கவாட்டில் நழுவும், ஓரக்கல் நட்டு அணை கட்டாமல் அங்கே எதுவும் நிற்காது. சிமெண்ட் பேவர் பிளாக் போடுகிறவர்களுக்கும் இதே ஓரக்கல்தான் உயிர். ஆள் நடக்க 60 மில்லிமீட்டர் கனம் போதும், கார் ஏறும் என்றால் 80.

கீறிய கல்லை என்ன செய்வது? கனமான கருங்கல் இரண்டாகப் பிளந்திருந்தால் தூக்கி எறியாதீர்கள், படுகை நன்றாக இருந்தால் இரண்டு கல்லாகவே அது இன்னும் ஐம்பது வருஷம் கிடக்கும். கடப்பைக் கல் ஏடு ஏடாகப் பெயர ஆரம்பித்தால் மாற்றிவிடுங்கள். கடப்பை சுண்ணாம்புக் கல் ஜாதி, அதைக் கழுவ ஆசிட் ஊற்றினால் கல்லையே தின்றுவிடும். கார்த்திகையில் பாசி பிடித்து வழுக்கும் கருங்கல்லுக்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. தெருவில் அம்மி கொத்த வருகிறவரைக் கூப்பிட்டு, கல்லின் முகத்தில் உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தச் சொல்லுங்கள். எங்கள் குழாயடிக் கல் இப்போது அம்மி மாதிரிதான் இருக்கிறது. கால் பிடிக்கிறது.

எல்லாம் பாவி முடித்துச் சந்துகளில் காய்ந்த மணலைக் கூட்டி நிரப்பினோம். மணல் படுகையின் மேல் கிடக்கும் கல்லுக்குச் சந்தில் மட்டும் சிமெண்ட் வைத்தால் அது தெறித்துப் போகும். எறும்பு கொஞ்சம் மணலை வெளியே கொண்டுவரும், அவ்வப்போது துடைப்பத்தால் தள்ளிக்கொள்ளலாம்.

வேப்பமரத்துப் பக்கம் மட்டும் பாக்கி. கல்லைத் தூக்கினால் அடியில் மணிக்கட்டுப் பருமனுக்கு ஒரு வேர். வெட்டிவிடலாமா என்று கேட்டேன். மரத்துக்கு இத்தனை கிட்டத்தில் தடித்த வேரை வெட்டினால் காற்றுக் காலத்தில் மரம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது என்றார். சாய்ந்தால் எங்கள் வீட்டு ஓட்டுக் கூரையின் மேல்தான் சாயும். அதனால் வேரைத் தொடவில்லை. அதைச் சுற்றி மணலை மட்டும் கூட்டி, முன்னும் பின்னும் இரண்டு கல்லையும் லேசாக உயர்த்தி, தட்டாமல் ஏறி இறங்கும்படி செய்தார். அந்தக் கல்லுக்குச் சரள் இல்லை, சிமெண்ட் இல்லை. வேர் பருக்கப் பருக்க, வருஷம் ஒருமுறை தையில் அதை மட்டும் தூக்கி மணலைக் கொஞ்சம் வாரிவிட வேண்டும். நானும் என் மகனும் சேர்ந்தால் ஒரு மணி நேர வேலை. இந்த வருஷத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டோம்.

வணக்கம்.