வேலூரா, கடலா?

வணக்கம் நேயர்களே.

2001 செப்டம்பர் 25. இரவு எட்டரைக்குக் கொஞ்சம் முன்னால், கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தேன். மாடியில் யாரோ அரிசி மூட்டையை இறக்கியதுபோல 'தொம்' என்றது. எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது. "லாரி போகுதுங்க" என்றார் மனைவி. கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு நிமிர்வதற்குள் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கலகலவென்று ஆடத் தொடங்கின. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. புதுச்சேரிக்கு எதிரே கடலுக்குள் நிலநடுக்கம், ஐந்தரை அளவு என்று பிறகு தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுத்தவன் நான். அந்தத் 'தொம்'முக்கும் ஆட்டத்துக்கும் நடுவே ஒன்று, இரண்டு என்று எண்ணியிருக்க வேண்டாமா? எண்ணவில்லை. எண்ணியிருந்தால் நிலநடுக்கம் எவ்வளவு தூரத்தில் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆறேழு விநாடி வந்திருக்கும் என்பது என் கணக்கு.

தொம் என்றது பி அலை. ஒலியைப் போல நெருக்கியும் விரித்தும் வரும். நிலத்தின் மேலோட்டில் விநாடிக்கு ஆறு கிலோமீட்டர் அளவில் ஓடும். டம்ளரை ஆட்டியது எஸ் அலை. பாறையைப் பக்கவாட்டில் உதறிக்கொண்டு வருவதால் அதற்கு வேகம் குறைவு, மூன்றரை கிலோமீட்டர்தான். நீருக்குள் அது போகவே போகாது, கடலுக்கு அடியில் உள்ள பாறை வழியாகத்தான் வரும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணி, மழை எவ்வளவு தூரத்தில் என்று சொல்வோமே, அதே கணக்குதான். பக்கத்து நிலநடுக்கத்துக்கு அந்த இடைவெளி விநாடியை எட்டால் பெருக்கினால் கிலோமீட்டர். ஏழு விநாடி என்றால் ஐம்பத்தாறு.

தூரம் தெரிந்துவிட்டது, திசை? அதற்குத்தான் இன்னும் இரண்டு ஊர் வேண்டும். வீட்டில் அட்லஸும் காம்பஸும் இருந்தால் போட்டுப் பாருங்கள். அதே நிலநடுக்கத்துக்குச் சென்னையில் இடைவெளி ஏறக்குறைய 16 விநாடி, கொடைக்கானலில் 44. கொடைக்கானலைச் சும்மா சொல்லவில்லை. அந்த மலையில் 1899-லேயே மில்ன் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த நிலஅதிர்வு மானியை வைத்துவிட்டார்கள். சென்னையில் முள்ளை ஊன்றி 128 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம், கொடைக்கானலிலிருந்து 352-க்கு ஒரு வட்டம். இரண்டும் இரண்டு இடத்தில் வெட்டிக்கொள்ளும். ஒன்று நம் கடலில். இன்னொன்று எங்கே தெரியுமா? வேலூர்ப் பக்கம்! இந்த இரண்டு ஊர்க் கணக்கை மட்டும் நம்பினால் கோட்டை அகழிக்குள் நிலநடுக்கம் என்று செய்தி போட்டுவிடலாம். கடலூரின் ஏழு விநாடி வட்டத்தைப் போட்டதும் வேலூர் கழன்றுகொள்ளும்.

மூன்று வட்டமும் ஒரே புள்ளியில் அழகாகச் சேராது, சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன முக்கோணம் மிஞ்சும். காரணம், பாறை உடைவது பூமிக்கு அடியில். நாம் கோடு போடுவது மேலே, தாளில். உடைந்த இடத்துக்கு நேர் மேலே இருப்பதைத்தான் மேல்மையம் என்கிறோம். தவிர, பி அலை அடங்குவதற்குள் எஸ் அலை வந்துவிடும், அது தொடங்கும் இடத்தைப் பதிவுத் தாளில் கண்டுபிடிப்பது தனிக் கலை. ஒரு விநாடி தப்பினால் எட்டு கிலோமீட்டர் போச்சு. இப்போது கணினி நூற்றுக்கணக்கான நிலையங்களை வைத்துப் பார்க்கிறது.

எட்டால் பெருக்குவது தூரத்து நிலநடுக்கத்துக்குச் செல்லாது. சுமத்ரா இங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டர். அவ்வளவு தூரம் வரும் அலை ஆழத்தில் இறங்கி, இன்னும் வேகமாக ஓடி வரும். எட்டால் பெருக்கினால் நானூறு கிலோமீட்டர் வரை குறைத்துச் சொல்லிவிடுவோம். அதற்கென்று அட்டவணை உண்டு.

2004 டிசம்பர் 26 காலை ஆறரைக்கு ஒரு நிமிடம் முன்னால் அங்கே உடைந்தது. பி அலை கடலூருக்கு வர நாலு நிமிடம் போதும். அந்த நேரத்தில் நிலநடுக்கமே முடியவில்லை! சுமத்ராவில் தொடங்கிய கிழிசல் நிக்கோபார், அந்தமான் என்று வடக்கே ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அதற்கு எட்டுப் பத்து நிமிடம் ஆனது. வரைபடத்தில் வைத்த புள்ளி, கிழிசல் தொடங்கிய இடம் மட்டும்தான். நம்மை நோக்கித் தண்ணீரைத் தள்ளியதில் வடக்கே இருந்த பகுதிக்குத்தான் பெரிய பங்கு. புள்ளியைச் சில நிமிடங்களில் வைத்துவிட்டார்கள். அளவை முதலில் 8 என்றார்கள். 9-ஐத் தாண்டியது என்று தெரியவே நேரம் பிடித்தது. எங்கள் ஊர்க் கடற்கரையான தேவனாம்பட்டினத்துக்குத் தண்ணீர் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-ல்தான் வந்தது.

2012 ஏப்ரல் 11 மதியம் மறுபடி சுமத்ரா பக்கம், 8.6. இந்தத் தடவை சொல்ல ஆள் இருந்தது. கடற்கரைச் சாலையில் பிள்ளையை இடுப்பிலும் ரேஷன் கார்டைக் கையிலும் வைத்துக்கொண்டு ஓடி வந்தவர்களைப் பார்த்தேன். அன்று கடலடிப் பாறை மேலே எழும்பவில்லை, பக்கவாட்டில் உரசி நழுவியது. கடல் பெரிதாகப் பொங்கவில்லை. அந்த வித்தியாசத்தை வட்டம் சொல்லாது, அலையின் வடிவத்தைப் படித்துத்தான் எடுக்க வேண்டும். எச்சரிக்கையை விலக்கிக்கொண்டதும், ஓடி வந்தவர்கள் அதே சாலையில் நடந்து திரும்பிப் போனார்கள்.