அம்பலம் ஏறாத வழக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

2016-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பேட்மேனும் சூப்பர்மேனும் திரையில் மோதிக்கொண்டார்கள். அந்தப் புழுதி அடங்குவதற்குள், மே மாதம் அயர்ன் மேனும் கேப்டன் அமெரிக்காவும் கைகலந்தார்கள். 'பேட்மேன் எதிர் சூப்பர்மேன்', 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' என்ற அந்த இரண்டு படங்களும் போட்டி நிறுவனங்களின் தயாரிப்புகள். ஆனாலும் கதையின் நடுவில் இரண்டும் ஒரே காரியத்தைச் செய்கின்றன. நாயகர்களைக் கேள்வி கேட்கக் கூடிய சபையில் குண்டு வெடிக்கிறது.

இதற்கு வருமுன் ஒரு சிறிய முன்கதை. சூப்பர்மேன் 1938-இலும் பேட்மேன் 1939-இலும் அமெரிக்கச் சித்திரக்கதை இதழ்களில் பிறந்தவர்கள். அவர்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, யாரும் நியமிக்கவில்லை. குற்றம் சாட்டுவதும் அவர்களே, தீர்ப்பு எழுதுவதும் அவர்களே, தண்டிப்பதும் அவர்களே. எதிரே வில்லன் நிற்கும்வரை இது நமக்கு உறுத்துவதில்லை. நகரமே பற்றி எரியும்போது, தீயணைக்க வந்தவரிடம் அடையாள அட்டையைக் காட்டச் சொல்வோமா? ஆனால் எதிரே இன்னொரு நாயகன் நின்றால் கதை மாறுகிறது. அவனுக்கும் ஆற்றல் இருக்கிறது, அவனும் நல்லவன். அவன் வாயிலிருந்து "உனக்கு இந்த உரிமையை யார் கொடுத்தது?" என்ற கேள்வி வரும்போது அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

பேட்மேன் படம் இந்தக் கேள்வியை மிக நன்றாகத் தொடங்குகிறது. 2013-இல் வந்த சூப்பர்மேன் படத்தில் மெட்ரோபோலிஸ் நகரின் வானளாவிய கட்டடங்கள் சரிந்தன. அப்போது நாம் பெரும்பாலும் வானத்திலிருந்து, நாயகனுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தோம். 2016 படம் அதே அழிவைத் தெருவிலிருந்து காட்டுகிறது. பேட்மேனாக மாறும் செல்வந்தர் புரூஸ் வெய்ன் சாம்பல் புழுதிக்குள் ஓடுகிறார். அவருடைய நிறுவனத்தின் கட்டடம் அவர் கண்ணெதிரே இடிகிறது. ஓர் ஊழியர் இரண்டு கால்களையும் இழக்கிறார். மேலே சாகசமாகத் தெரிந்தது கீழே பேரழிவாக இருந்திருக்கிறது.

பிறகு ஒரு விருந்தில், முகமூடிகள் இல்லாமல், இருவரும் சந்திக்கிறார்கள். பத்திரிகையாளராக வந்திருக்கும் கிளார்க் கென்ட், அதாவது சூப்பர்மேன், சட்டத்துக்கு மேலே தன்னை வைத்துக்கொள்ளும் வௌவால் மனிதனைப் பற்றிக் கேட்கிறார். உங்கள் நாயகன் மரத்தில் சிக்கிய பூனையை இறக்கினால்கூடப் புகழ்ந்து எழுதும் நீங்களா இதைக் கேட்பது என்று புரூஸ் திருப்பிக் கேட்கிறார். இருவர் சொல்வதும் சரி. தன்னிடம் உள்ள குறையையே மற்றவரிடம் கண்டு இருவரும் கொதிக்கிறார்கள். பின்னால் வரும் நீண்ட அடிதடி முழுவதையும்விட இந்த ஒரு நிமிடப் பேச்சு எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

அடுத்து, அமெரிக்க செனட் குழு சூப்பர்மேனை விசாரணைக்கு அழைக்கிறது. அவரும் வருகிறார். கால்களை இழந்த அந்த ஊழியர் சக்கர நாற்காலியில் காத்திருக்கிறார். சூப்பர்மேன் வாயைத் திறப்பதற்குள் அந்த நாற்காலியில் மறைத்து வைக்கப்பட்ட குண்டு வெடிக்கிறது. வழக்குத் தொடுத்தவர், விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் சாம்பல். பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் கீறல்கூட இல்லாமல் நிற்கிறார். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். இங்கே அம்பலமே எரிந்துபோகிறது.

'சிவில் வார்' படத்தில் 117 நாடுகள் ஓர் ஒப்பந்தத்துக்கு ஆதரவு தருகின்றன. இந்த நாயகர்களின் அவெஞ்சர்ஸ் குழு இனி ஐக்கிய நாடுகள் அமைப்பின் கட்டுப்பாட்டில் இயங்க வேண்டும் என்கிறது அது. தன் மகனின் சாவுக்கு நீதான் பொறுப்பு என்று ஒரு தாய் நேருக்கு நேர் சொன்னதைக் கேட்ட டோனி ஸ்டார்க், அதாவது அயர்ன் மேன், கையெழுத்திடத் தயாராகிறார். அரசுகளுக்கும் உள்நோக்கங்கள் உண்டு, அவை அனுப்புகிற இடத்துக்கெல்லாம் போக முடியாது என்கிறார் கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ராஜர்ஸ். அருமையான விவாதம். ஒப்பந்தத்துக்காக வியன்னாவில் சபை கூடுகிறது. குண்டு வெடிக்கிறது, வகாண்டா என்ற கற்பனை நாட்டின் அரசர் இறக்கிறார். அதோடு விவாதமும் முடிந்தது. துரத்தல் தொடங்கிவிடுகிறது.

திரைக்கதை எழுதுபவர்களின் சங்கடம் புரிகிறது. நாயகன் சபைக்குக் கட்டுப்பட்டால் அவன் அரசு ஊழியன் ஆகிவிடுவான். மறுத்தால் அடாவடிக்காரனாகத் தெரிவான். குண்டு அவனை இரண்டு சிக்கலிலிருந்தும் காப்பாற்றுகிறது.

வெற்றிடமான சபையை எதைக் கொண்டு நிரப்புவது? இரண்டு படங்களும் தாயைக் கொண்டு நிரப்புகின்றன. சூப்பர்மேனைக் கொல்ல ஓங்கிய பேட்மேனின் கை, இருவருடைய தாய்க்கும் மார்த்தா என்றே பெயர் என்று தெரிந்ததும் நின்றுவிடுகிறது. பலரும் கேலி செய்த காட்சி இது. தன் எதிரியும் ஒரு தாயின் பிள்ளைதான் என்று அவர் உணர்கிறார் என வாதிடுவோர் உண்டு. இருக்கலாம். ஆனால் இடிந்த நகரத்துக்கு யார் பதில் சொன்னார்கள்?

'சிவில் வார்' இதில் ஒரு படி நேர்மையானது. 1991-இல் தன் பெற்றோர் கொல்லப்பட்ட காணொளியை டோனி பார்க்கிறார். மூளைச்சலவை செய்யப்பட்ட நிலையில் அவர்களைக் கொன்றவன், ஸ்டீவின் நண்பன், பக்கத்திலேயே நிற்கிறான். ஸ்டீவுக்கு அது முன்பே தெரியும். அதுவரை கட்டுப்பாடு வேண்டும் என்று வாதாடிய டோனி, தன் வீட்டுத் துக்கம் என்று வந்ததும் கொலை செய்யப் பாய்கிறார். அயர்ன் மேனின் கொள்கை ஒரு காணொளி ஓடும் நேரம்கூடத் தாங்கவில்லை. இதே படத்தில் தந்தையைப் பறிகொடுத்த இன்னொருவன், வகாண்டாவின் டி'சல்லா, குண்டு வைத்த உண்மைக் குற்றவாளி கையில் கிடைத்தும் கொல்லாமல் சட்டத்திடம் ஒப்படைக்கிறான். அந்தக் காட்சி ஓரமாக வந்து போய்விடுகிறது.

அதே படத்தில் நாயகர்கள் இரண்டு அணிகளாக மோதும் விமான நிலையச் சண்டையை வானொலியில் விவரிக்க முடியாது. நல்லவேளை. பக்கத்துக்கு ஆறு பேர், நகைச்சுவையோடு ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள். பலத்த காயம் ஒருவருக்குத்தான், அதுவும் சொந்த அணியைச் சேர்ந்தவரின் குறி தவறியதால்.

நகைச்சுவை என்றதும் 2008-இல் வந்த 'தி டார்க் நைட்' நினைவுக்கு வருகிறது. அதில் பேட்மேனைப் போலவே வேடமிட்டு, துப்பாக்கி ஏந்தி, சில சாதாரண மனிதர்கள் குற்றவாளிகளைப் பிடிக்க இறங்குகிறார்கள். அவர்களையும் பேட்மேன் கட்டிப்போடுகிறார். உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருவன் கத்துகிறான். நான் ஹாக்கி விளையாட்டுக்கான காப்புகளை அணிந்திருக்கவில்லை என்பது பதில். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், அந்தப் பதிலுக்குப் பொருள் "என்னிடம் பணம் இருக்கிறது" என்பது உறைத்தது.

அந்த மனிதனின் கேள்விக்கு 2022-இல் வந்த 'தி பேட்மேன்' திரும்புகிறது. தொடக்கத்தில், ரயில் நிலையத்தில் ஒரு ரௌடிக் கூட்டத்தை எதிர்கொள்ளும் பேட்மேன், நீ யார் என்று கேட்டதற்கு "நான் பழிவாங்கல்" என்று சொல்லி அடித்து நொறுக்குகிறார். காப்பாற்றப்பட்ட மனிதரோ தரையில் கிடந்தபடி, என்னை ஒன்றும் செய்துவிடாதீர்கள் என்று அவரிடமே கெஞ்சுகிறார். படத்தின் முடிவில், நகரத்தை நீரில் மூழ்கடித்து மக்களைச் சுட வந்த கும்பலில் ஒருவனைப் பிடித்து, யார் நீ என்று கேட்கிறார்கள். அவனும் அதே இரண்டு சொற்களைச் சொல்கிறான்.

பேட்மேன் பதில் எதுவும் பேசுவதில்லை. வெள்ளத்தில் குதித்து, கையில் ஒளிரும் தீப்பந்தத்தோடு, இடிபாடுகளுக்குள் சிக்கியவர்களிடம் போய்க் கையை நீட்டுகிறார். பெரியவர்கள் தயங்குகிறார்கள். கொல்லப்பட்ட மேயரின் மகன், சிறுவன், அவன்தான் முதலில் அந்தக் கையைப் பிடிக்கிறான்.

வணக்கம்.