இரண்டு பக்கமும் இடி: ஒரு வாக்காளர் பட்டியலும் ஒரு நாட்டின் சமாதானமும்
(வேலூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, பணி நிறைவு பெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்திலிருந்து வந்திருக்கும் வழக்கறிஞர் நண்பர்களே, ஜவ்வாது மலையிலிருந்து காலைப் பேருந்தைப் பிடித்து இறங்கி வந்திருக்கும் பெரியவர்களே, சூளை வேலைக்கு ஒருநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் இருளர் குடும்பத்தாரே, மகளிர் குழுத் தாய்மார்களே, மேல்மொணவூர் மறுவாழ்வு முகாமிலிருந்து வந்திருக்கும் எங்கள் உறவுகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். பெயர் சொல்லாமல் விட்ட பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் இந்த ஊர்க் கோட்டையில்தான் சிறையிருந்தார். 1832இல் இங்கேயே காலமானார். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்துமண்டபம் இருக்கிறது. கடல் கடந்து வந்தவர்களின் துயரம் இந்த மண்ணுக்குப் பழக்கமானது என்பதால்தான் இந்தத் தலைப்பை வேலூரில் பேச ஒப்புக்கொண்டேன்.

இன்று மூன்று விஷயங்கள் பேச நினைத்திருக்கிறேன். ஒன்று, மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் ஐவரி கோஸ்ட் நாட்டின் வாக்காளர் பட்டியல். இரண்டு, அங்கே ஆயுதங்களைக் களைந்த முறை. மூன்று, நம் பிள்ளைகளின் பிறப்புச் சான்று.

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஐவரி கோஸ்டின் வடக்கு மாவட்டத்து மக்கள் மத்தளம். உலகிலேயே அதிகமாகக் கோகோ விளைகிற நாடு அது. அந்தத் தோட்டங்களில் வேலை செய்ய, வடக்கே அண்டை நாடுகளான புர்கினா ஃபாசோவிலிருந்தும் மாலியிலிருந்தும் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் வந்தார்கள். 1998 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்கு வெளிநாட்டவர். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே குடும்பப் பெயர்கள்தான்: கூலிபாலி, வட்டாரா, ட்ராவோரே. அதனால் பெயரைக் கேட்டதுமே "நீ எந்த ஊர்க்காரன்?" என்று உள்ளூர்க்காரனையும் சந்தேகப்பட்டார்கள். 1993இல் அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஊஃபுவே புவானி இறந்த பிறகு அந்தச் சந்தேகத்துக்கு 'இவாரிதே', அதாவது 'ஐவரி கோஸ்ட்காரத் தன்மை' என்று பெயர் வைத்து அரசியல் கொள்கையாகவே ஆக்கிவிட்டார்கள். 2000ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் 35ஆவது பிரிவு, குடியரசுத் தலைவர் வேட்பாளரின் தாய், தந்தை இருவருமே பிறப்பால் அந்நாட்டவராக இருக்க வேண்டும் என்றது. முன்பு பிரதமராக இருந்த அலசான் வட்டாராவையே அந்த ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்க விடவில்லை. முன்னாள் பிரதமருக்கே அந்த நிலை என்றால் தோட்டக் கூலியின் கதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

2002 செப்டம்பரில் கலகம் வெடித்தது. நாடு வடக்கு, தெற்கு என்று இரண்டானது. நான்கரை ஆண்டுகள் பல ஒப்பந்தங்கள் முறிந்த பின், 2007 மார்ச் 4ஆம் தேதி புர்கினா ஃபாசோவின் தலைநகர் வாகடூகுவில் குடியரசுத் தலைவர் பாக்போவும் வடக்குக் கலகக்காரர்களின் தலைவர் சோரோவும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். துப்பாக்கி பிடித்தவர்களின் முக்கியக் கோரிக்கை என்ன தெரியுமா? நிலமும் இல்லை, பணமும் இல்லை. அடையாள அட்டை!

அதைக் கொடுப்பதற்காக நடமாடும் நீதிமன்றங்கள் வைத்தார்கள். ஒரு நீதிபதி, அரசு வழக்கறிஞர், எழுத்தர், பதிவாளர், வயதை மதிப்பிட ஒரு மருத்துவர். ஊருக்குள்ளேயே மேசை போட்டு உட்கார்ந்தார்கள். 13 வயதுக்கு மேற்பட்டு, பிறப்பே பதிவாகாதவர் வருவார். கூடவே இரண்டு சாட்சிகள் வருவார்கள். பெயர், பெற்றோர் பெயர், பிறந்த இடம் கேட்டு, பிறந்த தேதி தெரியாவிட்டால் 'ஏறத்தாழ இந்த ஆண்டு' என்று எழுதி, பிறப்புச் சான்றுக்கு ஈடான தீர்ப்பு ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைப் பெற்றார்கள்.

இங்கே வழக்கறிஞர் நண்பர்கள் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். 2006இல் முதலில் தொடங்கியபோது பிறப்புத் தீர்ப்போடு குடியுரிமைச் சான்றையும் சேர்த்தே கொடுத்தார்கள். "அந்நியனுக்கு ஓட்டு கொடுக்கிறார்கள்" என்று தெற்கில் இளைஞர் கூட்டம் சாலையை மறித்தது. உடனே குடியுரிமைச் சான்றை நிறுத்திவிட்டார்கள். 2007 செப்டம்பரில் மறுபடி தொடங்கியபோது பிறப்பு மட்டும்தான். "நீ இங்கே பிறந்தாய், அது உண்மை; ஆனால் நீ எங்கள் நாட்டான் என்று நாங்கள் சொல்லவில்லை." மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சொன்னேனே, அது இதுதான்.

2008இல் விரல் ரேகையும் புகைப்படமும் எடுத்துப் பதிவு செய்தார்கள். 63 லட்சம் பேர் வரிசையில் நின்றார்கள். அந்தப் பெயர்களை 2000ஆம் ஆண்டு வாக்காளர் பட்டியலோடும் பழைய கோப்புகளோடும் ஒப்பிட்டார்கள். பொருந்தியவர் வெள்ளைப் பட்டியல், பொருந்தாதவர் சாம்பல் பட்டியல். சாம்பலில் விழுந்தவர்கள் 10 லட்சத்து 33 ஆயிரம் பேர்! ஒப்பிட எடுத்த பழைய பட்டியலே வடக்கத்தியர் பலரை விட்டுவிட்டுத் தயாரித்தது என்றால், புதிய பட்டியலில் அவர்கள் எப்படிப் பொருந்துவார்கள்? அளவுகோலே கோணல். போரில் எரிந்த பதிவேடுகளிலிருந்து நகல் கேட்டால் எங்கே கிடைக்கும்?

பிறகு 2010 பிப்ரவரியில் 4 லட்சத்து 29 ஆயிரம் பெயர்களைத் திருட்டுத்தனமாகச் சேர்க்கப் பார்த்தார்கள் என்ற குற்றச்சாட்டில் தேர்தல் ஆணையத்தையும் அமைச்சரவையையும் பாக்போ கலைத்தார். இறுதிப் பட்டியல் வெளிவந்தபோது 57 லட்சம் பேர் இருந்தார்கள். நவம்பர் 28ஆம் தேதி குடியரசுத் தலைவர் தேர்தலின் இரண்டாம் சுற்று; வட்டாராவும் பாக்போவும் மோதினார்கள். வட்டாரா 54.1 விழுக்காடு என்றது ஆணையம். மறுநாளே அரசியல் சாசன அவை வடக்கின் ஏழு மாவட்ட வாக்குகளைச் செல்லாது என்று தள்ளி, பாக்போதான் வென்றார் என்றது. பட்டியலில் தள்ள முடியாதவர்களை எண்ணிக்கையில் தள்ளிவிட்டார்கள். அதன் பிறகு நடந்த வன்முறையில் ஏறத்தாழ 3,000 பேர் மாண்டார்கள்.

இது நமக்குப் புதிதா? 1948இல் இலங்கையின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழனிடம் கேட்டது: உன் அப்பா இங்கே பிறந்தாரா? இல்லையென்றால் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் இங்கே பிறந்ததற்குச் சான்று எங்கே? தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்த குழந்தைக்குச் சான்று எழுதி வைத்தவர் யார்? அடுத்த ஆண்டுச் சட்டத்தின்படி 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனு போட்டதில் ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான் குடியுரிமை கிடைத்தது. 1964இல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். அங்கே 'இந்தியாக்காரன்', இங்கே வந்தால் 'சிலோன்காரன்'. மத்தளம், ஐயா, மத்தளம்!

இப்போது ஒரு பெண்ணின் கதை. மேல்மொணவூர்த் தாய்மார்கள் நன்றாகக் கேளுங்கள். 1986இல் மண்டபம் முகாமில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெற்றோர் இலங்கையிலிருந்து வந்தவர்கள், கையில் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பிறப்பை யாரோ ஒரு புண்ணியவான் பதிவேட்டில் எழுதி வைத்தார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. குழந்தை வளர்ந்தது, கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தன. கடவுச்சீட்டு கேட்டபோது கொடுக்க மறுத்துவிட்டார்கள். வழக்கு மதுரை அமர்வுக்குப் போனது. நம் 1955 குடியுரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்வரை இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியர். அவ்வளவுதான். 2022இல் நீதிமன்றம் கடவுச்சீட்டு கொடுக்கச் சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில், 38 வயதில், அந்த அம்மா முதன்முறையாக விரலில் மை வைத்துக்கொண்டார். அத்தனைக்கும் ஆதாரம் அந்த ஒரு சான்றிதழ். அந்தப் புண்ணியவான் அன்று சோம்பல்பட்டிருந்தால்?

1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கம்; மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது. அதனால் "எங்கள் பிள்ளைக்குச் சான்று எதற்கு?" என்று கேட்காதீர்கள். இலங்கைக் குடியுரிமையைச் சென்னைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டுமென்றாலும் முதலில் கேட்பது இந்தச் சான்றைத்தான்.

ஆயுதக் களைவைப் பற்றிப் பேச நேரம் இல்லை. இதைச் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன். குழந்தை பிறந்து 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமே இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதற்கு மேல் ஓராண்டு வரை மாவட்டப் பதிவாளரின் எழுத்து அனுமதி வேண்டும். ஓராண்டு தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு. அதற்குப் பதிவின்மைச் சான்று (பிறப்பு எங்கும் பதிவாகவில்லை என்ற சான்று), தடுப்பூசி அட்டை, பள்ளிச் சான்று எல்லாம் திரட்ட வேண்டும். பெயர் வைக்காமல் பதிந்திருந்தால் 12 மாதத்துக்குள் பெயரை இலவசமாகச் சேர்க்கலாம், 15 ஆண்டு வரை கட்டணத்தோடு சேர்க்கலாம். சூளையில் பிறந்த குழந்தை பிறந்த இடத்தில்தான் பதிவாகும், சொந்த ஊரில் அல்ல. இருளர் குடும்பங்கள் தவறுவது இங்கேதான். சூளை மாறுவதற்கு முன்பே பதிந்துவிடுங்கள். அப்பா பெயர் ஒரு இடத்தில் 'முனிசாமி', இன்னொரு இடத்தில் 'முனுசாமி' என்று இருந்தால் இன்றே திருத்துங்கள். பெயர் பொருந்தாமல்தான் பத்து லட்சம் பேர் சாம்பலில் விழுந்தார்கள்.

வாசலில் மேசை போட்டிருக்கிறோம். வழக்கறிஞர்கள் மூன்று பேர் மாலை 6 மணி வரை இருப்பார்கள். தடுப்பூசி அட்டை வைத்திருப்பவர்கள் இடப்பக்கம், ஒன்றுமே இல்லாதவர்கள் வலப்பக்கம் வரிசையில் வாருங்கள். ஒன்றுமே இல்லாதவர்களை முதலில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.