டிரையர் சத்தத்தின் வேகத்தைக் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

துணி உலர்த்தும் டிரையர் சத்தம் போட ஆரம்பித்தால் நாம் முதலில் சந்தேகப்படுவது மோட்டாரைத்தான். பாவம், பல நேரம் அதன் மேல் ஒரு குற்றமும் இருக்காது. சத்தம் தடதடவா, கடகடவா என்று யோசிப்பதை விட்டுவிட்டு, அது எவ்வளவு வேகமாகத் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேளுங்கள்.

துணி போடும் உருளையான டிரம் நிமிடத்துக்குச் சுமார் 50 முறை சுற்றும். சத்தம் நொடிக்கு ஒரு தட்டு என்ற கணக்கில் நிதானமாக வந்தால், கோளாறு டிரம்மோடு சுற்றும் ஏதோ ஒன்றில். கனமான பொத்தான், பையில் மறந்த நாணயம், டிரம்முக்குள் துணியைப் புரட்டிவிடும் துடுப்பு தளர்ந்துபோனது, இப்படி.

அதைவிட வேகமாகத் தடதடவென்று வந்தால், டிரம்மைக் கீழிருந்து தாங்கும் ரோலர்களைப் பாருங்கள். டிரம் ஒரு சுற்று முடிப்பதற்குள் இந்தச் சின்னச் சக்கரங்கள் பல சுற்று சுற்றிவிடும். நெடுநாள் ஓடாமல் நின்றால், பாரம் தாங்கிய இடத்தில் ரப்பர் தட்டையாகிவிடுவதும் உண்டு. அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் ஓடியதும் அடங்கினால் விட்டுவிடலாம். விடாமல் கீச்சிட்டால், டிரம்மைச் சுழற்றும் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சின்னக் கப்பி, அல்லது ரோலரின் அச்சு. இரும்போடு இரும்பு உரசும் சத்தம் என்றால் உடனே நிறுத்துங்கள். டிரம்மின் முன்விளிம்பு வழுக்கிச் செல்லும் பட்டைகள் தேய்ந்திருக்கலாம். அப்படியே ஓட்டினால் டிரம்மே அறுபடும்.

சரி, திறந்து பார்ப்போம். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். கேஸில் ஓடுவது என்றால் வால்வையும் மூடுங்கள். காலி டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். அப்போதே சத்தம் கேட்டால் ரோலர், கப்பி, பட்டை பக்கம் போகலாம். கையால் சுற்றும்போது அமைதி, ஓடும்போது மட்டும் கடகட என்றால் காற்று தள்ளும் விசிறி தளர்ந்திருக்கலாம், அதில் ஏதாவது சிக்கியும் இருக்கலாம்.

பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன் அது போகும் வழியை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கப்பியைச் சுற்றி அது வளையும் விதம் பிறகு நினைவுக்கு வராது. வரியுள்ள பக்கம் டிரம்மைத் தொட வேண்டும். ரோலரை விரலால் ஆட்டிப் பாருங்கள். நல்லது ஆடாமல் வழுவழுவென்று சுழலும். அச்சில் முடியும் நூலும் சுற்றியிருந்தால் எடுத்துத் துடையுங்கள். ஒன்று தேய்ந்திருந்தாலும் எல்லா ரோலர்களையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. ஒவ்வொன்றுக்காகவும் திரும்பத் திரும்பப் பிரிக்கிற வேலை மிச்சம்.

கண்ட எண்ணெயையும் அடிக்காதீர்கள். சத்தம் அன்றைக்கு அடங்கும். அப்புறம் பஞ்சுத் தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். சூடான இயந்திரத்துக்குள் எண்ணெயில் ஊறிய பஞ்சு தீக்கு அழைப்பு. பிரித்ததும் பிரித்தாயிற்று, உள்ளே சேர்ந்த தூசியையும் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

கருகல் வாடை வந்தாலோ, மோட்டார் உறுமிவிட்டுச் சுற்றாமல் நின்றாலோ, மூடிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வெப்பப் பம்பு வகை டிரையரில் (ஃபிரிட்ஜில் இருப்பது போன்ற கம்ப்ரஸரால் காற்றைச் சூடாக்குவது) மெல்லிய உறுமல் மட்டும் கேட்டால் அது கம்ப்ரஸர் ஓடும் சத்தம். அதைப் பிரிக்க வேண்டியதில்லை.