ஐந்தாவது மணியை மட்டும் கழற்றினேன்

கோபமாக இருக்கிறேன், முகத்திலேயே தெரிந்திருக்கும். இனிப் பன்றிகளுக்கு மூச்சுநோயே வராது என்கிற பாணியில் ஒரு தலைப்பைப் படித்துவிட்டு நேராகக் கேமராவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன். முன்பு பஞ்சை நனைத்து நுரையீரல் எப்படி இருக்கும் என்று காட்டிய என் வீடியோவில் நானும் வாய்தவறி ஏறக்குறைய இதையே சொல்லியிருக்கிறேன். ஆகவே பாதிக் கோபம் என்மீதுதான்.

நடந்தது இதுதான். 2025 ஏப்ரல் 30 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மரபணு திருத்திய பன்றி ஒன்றுக்கு அனுமதி கொடுத்தது. அந்தப் பன்றியைப் பி.ஆர்.ஆர்.எஸ். வைரஸ் தொற்றாது. ஒரு வைரஸ். ஒன்றே ஒன்று! லேசான வைரஸ் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். சினைப்பன்றிக்குக் கரு கலையும், பிழைத்த குட்டிகள் மூச்சுவாங்கியே தேய்ந்துபோகும். தடுப்பூசி உண்டு. ஆனால் வைரஸ் வேடம் மாற்றிக்கொண்டே இருப்பதால் ஊசி பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

முன்பு பலகையில் நான் வரைந்த பன்றியைப் பார்த்து எலியா என்று கேட்டவர்களுக்காக இந்தமுறை நான் எதையும் வரையவில்லை. கோத்திருக்கிறேன். இதோ, நூலில் ஒன்பது மணிகள். எட்டு நீலம், ஐந்தாவது சிவப்பு. இதற்கு ஒரு மாலை முழுக்கப் போயிற்று. மீன்பிடி நரம்பில் கோத்தால் முடிச்சு வழுக்கியது. தையல் நூலில் கோக்கலாம் என்றால் ஊசி மணித்துளைக்குள் நுழையவில்லை. ஒருமுறை ஒன்பதும் சிதறி மேசைக்கடியில் ஓடின. கடைசியில் நூல்முனையை உருகிய மெழுகில் தோய்த்து ஆறவிட்டேன். விறைத்துக்கொண்டது, ஊசியே இல்லாமல் சரசரவென்று உள்ளே போனது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை என்பதைப் பதிவுசெய்துகொள்கிறேன்.

சரி, இந்த மணிச்சரம்தான் சி.டி.163 என்னும் புரதம். நுரையீரலில் குப்பை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்களில் இது இருக்கிறது. இதில் ஒன்பது பகுதிகள். வைரஸுக்கு வேண்டியது ஐந்தாவது மட்டும். மிசௌரிப் பல்கலைக்கழகத்தார் முதலில் புரதத்தையே இல்லாமல் செய்து காட்டினார்கள். வைரஸைக் கொடுத்தும் அந்தப் பன்றிகளுக்குத் தொற்று வரவில்லை. எடின்பரோவின் ராஸ்லின் நிறுவனத்தார் மரபணுவின் ஏழாவது எக்ஸானை, அதாவது புரதத்துக்கான குறிப்பு இருக்கும் துண்டை, வெட்டி, ஐந்தாவது பகுதியை மட்டும் எடுத்தார்கள். எனக்குப் பிடித்தது இவர்கள் வழிதான். சிதைந்த ரத்த அணுக்களிலிருந்து சிந்தும் ஹீமோகுளோபினைத் துப்புரவு செய்வதும் இதே புரதத்தின் வேலை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவானேன்? பாருங்கள், சிவப்பு மணியைக் கழற்றிவிட்டேன், சரம் அறுபடவில்லை!

ஆனால் பன்றிக்கு நிமோனியா தரும் மைக்கோப்ளாஸ்மா ஹையோநிமோனியே என்ற பாக்டீரியாவுக்கு இந்தச் சரம் தேவையே இல்லை. அது மூச்சுக்குழலின் நுண்மயிர்களில் போய் ஒட்டிக்கொள்ளும். பன்றிக் காய்ச்சல் (இன்ஃப்ளூயன்ஸா) வைரஸ் மூச்சுக்குழல் செல்களின் மேலிருக்கும் சியாலிக் அமிலத்தைப் பிடித்து ஏறும். சிவப்பு மணி இருந்தால் என்ன, போனால் என்ன? ஆகவே நோயின் பெயரைச் சொல்லாமல் ‘மூச்சுநோய் எதிர்ப்பு’ என்று யார் சொன்னாலும் நான் நம்பப்போவதில்லை.

இன்னொரு எரிச்சலும் இருக்கிறது. மரபணுவை வெட்டும் கத்தரிக்கோல் வந்ததும், நோயைத் தாங்கும் பன்றிகளைப் பொறுக்கி இனம்பெருக்கும் பழைய முறையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அது எளிதான வேலை இல்லை. உயர்ரக இனப்பெருக்க மந்தைகளை நோய் அண்டாமல் பொத்திவைத்திருப்பார்கள். நோயே வராத இடத்தில் எது தாங்கும், எது தாங்காது என்று எப்படிப் பார்ப்பது? அதனால் ஆய்வுக்கூடங்களில் குட்டிகளுக்கு வேண்டுமென்றே வைரஸைக் கொடுத்தார்கள். 21 நாட்கள் ரத்தத்தில் வைரஸ் அளவையும் 42 நாட்கள் எடையையும் குறித்தார்கள். 2012இல் விடை வந்தது. நான்காவது குரோமோசோமில் ஓர் இடம். அங்கே இருக்கும் ஜி.பி.பி.5 என்ற மரபணுதான் காரணமாக இருக்கலாம் என்று பிறகு கண்டார்கள். அதன் நல்ல வடிவம் இருந்தால் வைரஸ் குறைவு, எடை அதிகம். தொற்று வரும், ஆனால் பன்றி சமாளிக்கும். யாரும் எதையும் வெட்டவில்லை, தாயும் தகப்பனும் கொடுத்தது அது!

அடடா, முக்கியமானதை விட்டுவிட்டேன், மணிக்குத் திரும்புங்கள். ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகளாக இருக்கும். திருத்தம் ஒரு பிரதியில் மட்டும் இருந்தால் பயனில்லை. மற்றப் பிரதியிலிருந்து செல் முழுச் சரத்தையும் கோத்துக்கொள்ளும், வைரஸுக்கு அது போதும். தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் வந்தாக வேண்டும். ஜி.பி.பி.5இல் நேர்மாறு, நல்ல பிரதி ஒன்றிருந்தாலே பலன் தெரியும்.

அப்படியானால் நான் இரண்டு சரம் கோத்திருக்க வேண்டும். மெழுகு தீர்ந்துவிட்டது.