"நாளைக்கு வேணாம்" என்றவரையே புக் பண்ணினேன்: திருகோணமலையில் ஒரு தூண்டில் காலை

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கேட்கிறதா? மைக்குக்குத் துணி சுற்றித்தான் வைத்திருக்கிறேன், இதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. டச் பே கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் தெரிவது பிரட்ரிக் கோட்டை, அந்த மலை முனையில் கோணேசர் கோயில்.

இன்றைக்குப் பேச வேண்டியதை எல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். கடதாசிச் சரையில் கச்சானும் வாங்கி, அந்தத் தாளின் மேல் வைத்துவிட்டு ட்ரைபொட்டைச் சரி பண்ணத் திரும்பினேன். மறுபடி பார்த்தால் மான். திருகோணமலைக்கு வராதவர்களுக்குச் சொல்கிறேன், இங்கே புள்ளிமான் ரோட்டில் நடக்கும், யாரைக் கண்டும் பயப்படாது. கச்சானையும் தின்று, சரையையும் தின்று, என் தாளிலும் பாதியைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. ஆகவே இன்றைக்கு வரிசை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

போன வாரம் ஒரு பாரை மீனோடு நிற்கிற படம் போட்டேன் அல்லவா, அதற்கு வந்த கேள்விகள்தான் இந்த வீடியோ. எப்படி புக் பண்ணுவது, எவ்வளவு, பொம்பிளைப் பிள்ளைகளை ஏற்றுவார்களா.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் தூண்டில் படித்தது யூடியூபில், அதுவும் புளோரிடாக்காரர்களின் வீடியோக்களில். 'இன்ஷோர்' என்ற சொல்லே அங்கே பிடித்ததுதான். கரையை விட்டு வெகுதூரம் போகாமல் குடா, கழிமுகம், கண்டல் ஓரம் என்று தூண்டில் போடுவது. அங்கே எல்லாம் சட்டமாக இருக்கிறது. காசு வாங்கி ஆள் ஏற்றுகிற கப்டனிடம் கடலோரக் காவல்படையின் லைசன்ஸ் இருக்க வேண்டும். சாதாரண லைசன்ஸ் என்றால் ஒரு படகில் 6 பேருக்கு மேல் ஏற்ற முடியாது. கப்டனின் மீன்பிடி லைசன்ஸே ஏறுகிறவர்களுக்கும் செல்லும், தனியாக எடுக்கத் தேவையில்லை. ரெட்ஃபிஷ் என்று ஒரு மீன், 18 அங்குலத்துக்குக் குறைந்தாலும் விட வேண்டும், 27 அங்குலத்தைத் தாண்டினாலும் விட வேண்டும். சின்னது வளரட்டும், பெரியது முட்டை போடட்டும் என்கிற கணக்கு.

இதையெல்லாம் தலையில் ஏற்றிக்கொண்டு திருகோணமலையில் வந்து "வற்று எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் சிரிப்பார்கள். சிரித்தார்கள். இலங்கையைச் சுற்றிப் பெருக்குக்கும் வற்றுக்கும், அதாவது கடல் ஏறுவதற்கும் இறங்குவதற்கும், ஒரு மீற்றர்கூட வித்தியாசம் வராது. இங்கே கேட்க வேண்டியது காற்றை.

அது தெரியாமல்தான் முதல் தடவை புக் பண்ணினேன். ஒரு விடுதி வாசலில் பலகை. டொல்பின், திமிங்கிலம், புறாத்தீவு, ஃபிஷிங், நாலுக்கும் ஒரே போன் நம்பர். அப்போதே யோசித்திருக்க வேண்டும். டொல்பின் காட்டுகிறவருக்கு டொல்பின் எங்கே வரும் என்று தெரியும், அது ஒரு தொழில். பாரை எந்தக் கல்லில் நிற்கும் என்பது வேறு தொழில். "ஃபிஷிங் உண்டா?" என்றேன். "உண்டு." "நாளைக்கு?" "நாளைக்கே." "என்ன மீன் பிடிபடும்?" "எல்லா மீனும் பிடிபடும்." எனக்குச் சந்தோசம்! முற்பணத்தையும் கொடுத்துவிட்டேன்.

நானும் தம்பியும் போனோம். ஆறு மணி என்றார்கள், படகு கிளம்பும்போது எட்டரை. கரையில் நின்று பார்த்தால் கடல் குளம் மாதிரி. ஒரு அலை இல்லை. கொஞ்சத் தூரம் போனதும் முதுகில் காற்று தள்ளத் தொடங்கியது. தூண்டில் என்று தந்தது ஒரு பிளாஸ்டிக் போத்தலில் சுற்றிய தங்கூசி நூல், அதிலும் பாதி சிக்கு. லைஃப் ஜாக்கெட் பலகைக்கு அடியில் ஈரமாகக் கிடந்தது, என்னுடையதில் கொக்கி உடைந்திருந்தது. அப்புறம் அவர் சொன்னது இன்னும் மோசம். "புறாத்தீவுக்குப் பக்கத்தில போடுவம், அங்கதான் நல்லாக் கடிக்கும்." புறாத்தீவு 2003இலிருந்து தேசியப் பூங்கா. அந்த எல்லைக்குள் தூண்டில் போடக் கூடாது. யாராவது உங்களிடம் இப்படிச் சொன்னால் அந்த இடத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் மாட்டோம் என்றதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது, படகைத் திருப்பினார். திரும்புகிற வழி முழுக்க எதிர்க்காற்று. ஒவ்வொரு அடிக்கும் ஒரு வாளி உப்புத் தண்ணீர் முகத்தில். கமெராவை வயிற்றுக்குள் மடக்கிப் பிடித்துக்கொண்டு நான், படகின் விளிம்பில் குனிந்து சத்தி எடுத்தபடி தம்பி. மீன் ஒன்றுகூட இல்லை.

சரி, இனி நல்லது.

திருக்கடலூர்ப் பக்கம் பின்னேரம் மீன் வாங்கப் போகிற வழக்கம் எனக்கு உண்டு. அங்கே ஒரு அண்ணை வலை தைத்துக்கொண்டிருந்தார். பெயரும் நம்பரும் வீடியோவில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் அண்ணைதான். சீசனில் விருந்தாளிகளைத் தூண்டிலுக்குக் கூட்டிப் போவாராம். "நாளைக்குப் போகலாமா அண்ணை?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மேற்கே பார்த்தார்.

"நாளைக்கு வேணாம் தங்கச்சி. கச்சான் எழும்பும். மறுநாள் பாப்பம்."

இந்தியாவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு விளக்கம். எங்களுக்குக் கச்சான் என்றால் நிலக்கடலை, மான் தின்றதே அது. கச்சான் என்றால் மேல்காற்றும்தான். தரையைக் கடந்து சூடாக வந்து கடலை நோக்கி வீசும். இதில்தான் ஏமாற்று இருக்கிறது. காற்று கரையிலிருந்து கடலுக்குப் போவதால் கரையோரத்தில் அலை எழும்பாது, பார்க்க அமைதியாக இருக்கும். உள்ளே போகப் போகத்தான் அலை வளரும், படகையும் வெளியே தள்ளும். எஞ்சின் நின்றால் வங்காள விரிகுடா. அண்ணை இதைச் சொல்லச் சொல்ல, முதல் பயணத்தில் எங்களுக்கு என்ன நடந்தது என்று அப்போதுதான் விளங்கியது. ஒரு நாள் வருமானத்தை வேண்டாம் என்று சொல்கிறாரே, இவர்தான் ஆள் என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன்.

ஆகவே புக் பண்ணும்போது "என்ன மீன் பிடிபடும்?" என்று தொடங்காதீர்கள். "காற்று எழும்பினால் என்ன செய்வீர்கள்? முற்பணம் திரும்ப வருமா, வேறு நாளுக்கு மாறுமா?" என்று தொடங்குங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலேயே ஆளைப் பிடித்துவிடலாம். அப்புறம் லைஃப் ஜாக்கெட்டை முதல் நாளே போய்ப் போட்டுப் பாருங்கள், கொக்கி பூட்டுகிறதா என்று. தூண்டிலும் இரையும் யாருடையது, பிடித்த மீன் யாருக்கு, படகில் எத்தனை பேர். அண்ணையின் 18 அடி பைபர் போட்டில் அவரும் நாங்கள் இருவரும்தான், இன்னொருவர் இருந்தால் தூண்டில் வீச இடம் இருந்திருக்காது.

விலை கேட்டிருந்தீர்கள். தொகையைச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் நீங்கள் இந்த வீடியோவை அடுத்த வருடம் பார்த்துவிட்டு அண்ணைமாரோடு சண்டைக்குப் போவீர்கள். ஆளுக்கு இல்லை, படகுக்குத்தான் பேசுவார்கள். அதில் பெரிய பங்கு எண்ணெய். இந்த எஞ்சின்கள் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடும். 2022 ஆகஸ்டில் 87 ரூபாய் விற்ற ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரேயடியாக 340 ஆனது, அதற்குப் பிறகு கடலில் சும்மா சுற்றிக் காட்ட யாருக்கும் மனம் வராது. எவ்வளவு தூரம், எத்தனை மணித்தியாலம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பொம்பிளைகளை ஏற்றுவார்களா? அண்ணை யோசிக்கவே இல்லை. கழிவறை கிடையாது என்பதை மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னார். நாலு மணித்தியாலம். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் போகாதீர்கள், எட்டு மணி வெயில் மண்டையைப் பிளக்கும். அடையாள அட்டையும் கட்டாயம் கையில் இருக்கட்டும், கடற்படைத் துறைமுகம் உள்ள ஊர், மறித்துக் கேட்டால் காட்ட வேண்டும்.

காலம் என்று கேட்டால் சித்திரை கழிந்து புரட்டாதி வரைக்கும். வாடை தொடங்கி, கார்த்திகை மார்கழியில் இந்தப் பக்கம் கடல் பொல்லாதது.

மறுநாள் அல்ல, அதற்கும் மறுநாள்தான் போனோம். அதிகாலை ஐந்து மணிக்குப் படகைத் தள்ளினோம். கோணேசர் கோயில் நிற்கிற சுவாமிமலையைச் சுற்றும்போது மேலே கோயில் மணி கேட்டது. அண்ணை எஞ்சினைத் தணித்து, ஒரு கையைச் சுக்கானில் வைத்தபடியே மற்றக் கையை நெஞ்சில் வைத்தார். கீழேயிருந்து அந்தப் பாறையைப் பார்த்தால்தான் அதன் உயரம் தெரியும், மேலே நின்று எத்தனை தடவை எட்டிப் பார்த்திருக்கிறேன், தெரியவில்லை.

அங்கிருந்து கொட்டியாரக் குடா. 335 கிலோமீற்றர் ஓடி வருகிற மகாவலி கடலில் விழுவது இங்கேதான், மூதூர்ப் பக்கம். இன்னொரு அதிசயம், கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று இந்தக் குடாவுக்குள்ளேயே வந்து நிற்கிறது. அதனால் கரை தெரிகிற தூரத்திலேயே ஆழம் திடீரென்று விழும். அண்ணை ஒரு இடத்தில் எஞ்சினை நிறுத்தி, "தண்ணியப் பாருங்க" என்றார். எனக்கு எல்லாம் தண்ணீராகத்தான் தெரிந்தது. பிறகுதான் கண்ணுக்குப் பிடிபட்டது, ஒரு கோடு. இந்தப் பக்கம் தேத்தண்ணிக்குள் பால் விட்ட நிறம், அந்தப் பக்கம் நீலம். கோட்டின் மேலே இலைக் குப்பையும் நுரையும். ஆற்றுத் தண்ணீரோடு வருகிற சின்ன மீன்கள் கலங்கலில் ஒளிந்து நிற்கும், பாரை தெளிந்த பக்கத்தில் நின்று காவல் காக்கும். இரையைக் கோட்டின் மேலேயே விழுத்த வேண்டும்.

நான் ரீல் பூட்டிய தூண்டில் ரொட் கொண்டு போயிருந்தேன். ஆனால் அண்ணை கைத்தூண்டில்தான். ஆள்காட்டி விரலில் பழைய சைக்கிள் டியூப்பின் சின்னத் துண்டை மோதிரம் மாதிரி போட்டிருந்தார், தங்கூசி ஓடும்போது விரல் அறுபடாமல் இருக்க. கணவாயை விரல் நீளத்துக்குக் கீறி, முள்ளில் ஒரு முனையை மட்டும் குத்தி, மற்ற முனையைத் தண்ணீரில் ஆட விட்டார். முடிச்சு இறுக்க முன்னம் நாக்கில் ஒரு தடவை நனைத்தார். நான் காய்ந்த முடிச்சை இழுத்து இறுக்கினேன், முதல் சீலாவே அதை அறுத்துக்கொண்டு போனது. அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முடிச்சை என் கையில் தந்துவிட்டு என் வாயைப் பார்த்தார், அவ்வளவுதான்.

விளைமீன் கடித்தால் 'டக் டக்' என்று தட்டும். பாரை அப்படி இல்லை. ரொட் ஒரேயடியாக வளைந்து, ரீல் கத்தத் தொடங்கியது. நான் சுற்றினேன். "சுத்தாதீங்க, ஓட விடுங்க!" ஓட விட்டேன். மூன்று தடவை படகுக்குக் கீழே போனது. படத்தில் பார்த்தீர்களே, அதுதான், இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அதற்கு முன் வந்த குட்டிப் பாரை இரண்டையும் அண்ணை கையை நனைத்து எடுத்துத் திரும்ப விட்டுவிட்டார். அங்குலக் கணக்கு ஒன்றும் இல்லை, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், விட்டார்.

தம்பிக்கு இந்தத் தடவை சத்தி வரவில்லை. பதிலாக ஓரா வந்தது. முதுகு முள்ளில் நஞ்சு இருக்கிற மீன், இவன் ஆசையாகப் போய்ப் பிடித்தான். ஒரு அலறல்! அண்ணை அவசரமே படாமல் என் பிளாஸ்கைக் கேட்டார். வெறுந்தேத்தண்ணியைக் கிண்ணத்தில் ஊற்றி, முதலில் தன் விரலை விட்டுச் சூடு பார்த்து, பிறகு தம்பியின் விரலை அதற்குள் அமுக்கினார். அந்த நஞ்சு சூட்டில் கெட்டுப்போகும். தாங்கக்கூடிய சூடு, அவித்துவிடுகிற சூடு இல்லை. அரை மணித்தியாலத்தில் அழுகை நின்றது. வீங்கிக்கொண்டே போனால், மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிதான், தேத்தண்ணியோடு நிற்காதீர்கள். பிளாஸ்க் கொண்டு போங்கள், சீனி போடாமல்.

ஒன்பதரைக்குக் கரை. பாரையில் நடுத் துண்டை அண்ணை வீட்டுக்குக் கொடுத்தோம், தலை எங்களுக்கு, புளி விட்டு அம்மா சமைத்தா. அந்த ஓராவையும் தம்பி பொரித்துத் தரச் சொல்லி, தனியாக உட்கார்ந்து தின்றான்.

நம்பர் கேட்டு இன்பொக்ஸில் வராதீர்கள், தர மாட்டேன். பின்னேரம் மீன் வாங்கப் போங்கள், வலை தைக்கிறவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். ஐயோ, அந்த மான் திரும்பி வருகிறது, இப்போது ட்ரைபொட்டின் வாரை மணந்து பார்க்கிறது, நான் வைக்கிறேன்...