பாடகரும் பத்திரிகையும்

வணக்கம் நேயர்களே.

மார்கழியில் ஒரு கச்சேரிக்குப் போய்விட்டு வருகிறீர்கள். இரண்டு நாள் கழித்து அதற்குப் பத்திரிகையில் விமர்சனம் வருகிறது. ஆவலாகப் படிக்கிறீர்கள். என்ன இருக்கிறது? வர்ணத்தோடு கச்சேரி தொடங்கியது. அப்புறம் இன்ன ராகம், இன்ன கிருதி. பிரதானமாகத் தோடி ராகம். வயலின் பக்கபலமாக இருந்தது. மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனம் களைகட்டியது. அவ்வளவுதான். அன்றைக்கு மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் பாடகர் திணறினாரே, அது உங்கள் காதில் விழுந்தது, பக்கத்து இருக்கைக்காரர் காதிலும் விழுந்தது. எழுதியவர் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். பல வருஷமாக என் மனதை அரித்துக்கொண்டிருக்கிற விஷயம் இது.

பத்திரிகைக்குப் பாடகர் வேண்டும். அவர் படத்தை அட்டையில் போட்டால் இதழ் விற்கும், சிறப்பு மலருக்குப் பேட்டி வேண்டும். பாடகருக்கும் பத்திரிகை வேண்டும். இப்படி இரண்டு பேருக்கும் ஒருவர் தயவு ஒருவருக்குத் தேவைப்படும்போது, நடுவில் உட்கார்ந்து எழுதுகிறவர் பேனா என்ன ஆகும்? ஒன்று, பயமுறுத்தும் பேனாவாக ஆகும். இல்லை, பல்லக்குத் தூக்கும் பேனாவாக ஆகும். தமிழ்நாட்டில் 1940-களில் இந்த இரண்டு பக்கத்தையும் ஒரே ஊரில், ஒரே காலத்தில் பார்க்க முடிந்தது. சென்னையில்தான்.

முதலில் பயமுறுத்தும் பேனா. சி.என். லட்சுமிகாந்தன் என்று ஒருவர். ‘சினிமா தூது’ என்ற பத்திரிகை நடத்தினார். நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை எழுதுவதுதான் அதன் சரக்கு. எழுதாமல் இருக்கவும் பணம் கைமாறியது என்பார்கள். அப்போது அது யுத்த காலம், பத்திரிகை நடத்த உரிமம் வேண்டும். எம்.கே. தியாகராஜ பாகவதரும், என்.எஸ். கிருஷ்ணனும், படத் தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னரிடம் மனுக் கொடுத்தார்கள். உரிமம் ரத்தானது. லட்சுமிகாந்தன் ஓயவில்லை, ‘இந்துநேசன்’ என்ற இன்னொரு பத்திரிகையில் அதையே தொடர்ந்தார்.

பாகவதர் சினிமாக்காரர்தானே, சங்கீதத்தில் அவரை ஏன் கொண்டுவருகிறாய் என்று சில நேயர்கள் கேட்கலாம். அந்தக் காலத்தில் பாடத் தெரிந்தவர்தான் கதாநாயகன். பாகவதரின் புகழ் அவர் தொண்டையில்தான் இருந்தது. 1944 தீபாவளிக்கு அவருடைய ‘ஹரிதாஸ்’ வெளியானது. அடுத்த மாதம், நவம்பர் 8-ஆம் தேதி, ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தன் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் இறந்துபோனார். பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள், ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு, அன்றைக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியான லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, 1947-இல் இரண்டு பேரும் விடுதலையானார்கள். ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. அதில் பாடியவர் அந்தக் காலத்தில் பெரும்பகுதி சிறையில் இருந்தார். வெளியே வந்த பிறகு பாகவதருக்குப் பழைய உயரம் திரும்பவே இல்லை.

இதை ஒரு மர்மக் கதையாகவே இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறோம். யார் குத்தினார்கள் என்பதிலேயே நின்றுவிடுகிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. அந்தப் பத்திரிகைகளில் பாட்டைப் பற்றி ஒரு பேச்சும் தேவைப்படவில்லை. பாகவதரின் குரலில் எது அழகு, எது குறை என்று எழுதி அவை பிழைக்கவில்லை. பாட்டை விட்டு ஆளைப் பிடித்துக்கொண்டது பத்திரிகை. அங்கேதான் எல்லாம் கெட்டது.

சரி, இப்போது மறுபக்கம். இது நட்பின் பக்கம். இதுவும் சுலபமான விஷயம் இல்லை.

‘ஆனந்த விகடன்’ ஆசிரியராக இருந்தபோது கல்கி கிருஷ்ணமூர்த்தி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ‘ஆடல் பாடல்’ பகுதியை எழுதினார். தாளம் தெரியாதவரையும் கச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போகிற எழுத்து. வித்வான் எவ்வளவு பெரியவர் என்பதற்காகக் காதைப் பொத்திக்கொண்டு புகழவில்லை. கேட்கிறவர்களுக்குப் பொருள் புரிகிற பாட்டு மேடையில் வேண்டும் என்று சண்டை போட்டார். மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்ட தமிழிசை இயக்கம் எழுந்தபோது முன்னால் நின்றார். அதனால் சங்கீத உலகத்தில் எத்தனையோ பேருடைய மனத்தாங்கலைச் சம்பாதித்தார்.

அதே கல்கி 1941-இல் விகடனை விட்டு வெளியே வந்து, சதாசிவத்தோடு சேர்ந்து ‘கல்கி’ பத்திரிகையைத் தொடங்கினார். சதாசிவம் யார்? எம்.எஸ். சுப்புலட்சுமியின் கணவர். முதல் எங்கிருந்து வந்தது? ‘சாவித்திரி’ படத்தில் எம்.எஸ். நாரதராக நடித்தார், அந்தப் பணம்தான் பத்திரிகைக்கு உதவியது. அதாவது, தமிழில் மிக நன்றாகச் சங்கீத விமர்சனம் எழுதியவருடைய பத்திரிகை, ஒரு பாடகியின் சம்பாத்தியத்தில் எழுந்தது. பிறகு ‘மீரா’வில் எம்.எஸ். பாடிய ‘காற்றினிலே வரும் கீதம்’ பாட்டையும் கல்கியே எழுதினார்.

அப்படியானால் எம்.எஸ்.ஸைப் பற்றி அந்தப் பத்திரிகையில் வருகிற ஒரு வரியை வாசகர் எப்படி எடுத்துக்கொள்வது? நியாயமான கேள்விதான். என் பதில் இது: அந்த உறவு ஊருக்கே தெரிந்திருந்தது, ஒளிவுமறைவு இல்லை. வாசகர் அதைக் கழித்துவிட்டுப் படித்துக்கொள்ளலாம். இன்றைக்கு என்ன நடக்கிறது? கச்சேரி நடத்துகிற சபாவின் விளம்பரம் அதே இதழில் வருகிறது. மலருக்குப் பணம் கொடுக்கும் கம்பெனியே கச்சேரிக்கும் பணம் கொடுக்கிறது. நாளைக்குப் பேட்டி கேட்க வேண்டியவரைப் பற்றி இன்றைக்கு எழுத வேண்டியிருக்கிறது. இதெல்லாம் வாசகருக்குத் தெரியாது. தோடி பிரதானம், தனி களைகட்டியது என்கிற பட்டியல் அங்கேதான் பிறக்கிறது. எழுதுகிறவருக்கு ஞானம் இல்லாமல் இல்லை, நேயர்களே. அவர் கையைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

சங்கீத விமர்சகர் சுப்புடுவின் கை ஏன் கட்டப்படவில்லை? 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர். டில்லியில் மத்திய அரசு உத்தியோகம். விமர்சனம் எழுதி வருகிற பணத்தில் அவர் வீட்டில் அடுப்பு எரியவேண்டியதில்லை. ஹார்மோனியம் வாசிக்கத் தெரிந்தவர், அதனால் ஸ்வரத்தைப் பிடித்துச் சொல்ல முடிந்தது. முன்வரிசையில் அவர் வந்து உட்கார்ந்தாலே மேடையில் இருந்தவர்களுக்கு வியர்க்கும். திட்டு வாங்கிய வித்வான்களே மறுநாள் அவர் எழுத்தைத் தேடிப் படித்தார்கள். ஆனால் அவரும் பாட்டை விட்டு ஆளைக் கேலி செய்த வரிகள் உண்டு. அந்த வரிகளை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். காலையில் தொண்டை கட்டியிருந்தும் மாலையில் மேடை ஏறுகிற மனிதரின் உருவத்தைப் பற்றி எழுத யாருக்கும் உரிமை இல்லை. அவர் விட்ட சுருதியைப் பற்றி எழுதலாம், எழுதவேண்டும்.

சினிமா இசையமைப்பாளர்கள் பத்திரிகையைத் தாண்டி நேராக ரசிகர்களிடம் பேசத் தொடங்கிவிட்டது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் நெருங்கிவிட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன். பாடகரே தன் யூடியூப் சானலில் தன்னைப் பற்றிப் பேசும்போது, குறுக்கே ஒரு கேள்வி கேட்க ஆள் இல்லை. அந்தக் கேள்வியை இனிமேல் கேட்கவேண்டியவர்கள், டிக்கெட் வாங்கிப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கிற நீங்கள்தான். அடுத்த விமர்சனத்தில் வெறும் ராகப் பட்டியல் வந்தால், ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடுங்கள். வணக்கம்.